விமானத்தில் வேலையின்போது அடிபட்டால்: சிங்கப்பூர்ச் சிப்பந்திகளுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட விமான நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சிப்பந்திகளுக்காக இதை எழுதுகிறேன். தீ பிடித்தால் என்ன செய்வது, பயணிக்கு மாரடைப்பு வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் பயிற்சியில் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். நமக்கே அடிபட்டால் எந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்பதை மட்டும் அவ்வளவு விரிவாக யாரும் சொல்வதில்லை. தோள்பட்டைக் காயத்தோடு இந்த வழி முழுக்கப் போய் வந்தவள் நான். ஒவ்வொரு கட்டத்திலும் யாரையாவது பிடித்து விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் ஒருவருக்கு அடிபட்டால் அந்த இயந்திரம் மறுநாளும் அங்கேயே இருக்கும், பக்கத்தில் நின்றவரும் மறுநாள் வேலைக்கு வருவார். நமக்கு அப்படியில்லை. தரையிறங்கிய கொஞ்ச நேரத்தில் தள்ளுவண்டி உணவுக் கிடங்குக்குப் போய்விடும். விமானம் வேறு ஊருக்குக் கிளம்பிவிடும். கூட வேலை பார்த்தவர்களை அடுத்த மாதம் பார்ப்போமா என்பதே தெரியாது. அதனால் முதல் சில மணி நேரத்தில் எழுதி வைப்பதுதான் பின்னால் பேசும்.

1. எந்தச் சட்டம், உங்களுக்குப் பொருந்துமா

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் என்பது அதன் பெயர். எல்லோரும் ‘விக்கா’ என்றுதான் சொல்வார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம், 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சிங்கப்பூரில் உள்ள முதலாளியிடம் சேவை ஒப்பந்தத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் நீங்கள் இதில் வருவீர்கள். சம்பளம் எவ்வளவு, எந்த நாட்டுக் குடிமகன் என்பது கணக்கில்லை. மலேசியாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வேலை அனுமதியில் வந்தவர்களுக்கும் இதே உரிமைதான். வேலை நிமித்தமாக நிறுவனம் அனுப்பி, வெளிநாட்டிலோ நடு வானிலோ அடிபட்டாலும் பொருந்தும்.

இந்தச் சட்டத்தின் பெரிய வசதி, யார் மேல் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலையால் காயம் ஏற்பட்டது என்று காட்டினால் போதும். உங்கள் கவனக்குறைவும் ஒரு காரணம் என்று யாராவது சொன்னால் அதற்காக ஒதுங்கிவிடாதீர்கள். மது அருந்திய நிலையில் பட்ட காயம், வேண்டுமென்றே ஏற்படுத்திக்கொண்ட காயம் போன்றவைதான் விலக்கு.

பயணிகளுக்குக் கிடைக்கும் தொகையைப் பார்த்து நம் எதிர்பார்ப்பை வைத்துக்கொள்ளக் கூடாது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ321 விமானம் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கி பேங்காக்கில் இறங்கியபோது, இலேசான காயம் பட்ட பயணிகளுக்கு 10,000 அமெரிக்க டாலர் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அது பயணிகளுக்கான வழி. வேலையில் இருக்கும் சிப்பந்திக்கு விக்கா, இல்லையென்றால் நீதிமன்றம்.

2. தரையிறங்கும் முன் எழுதி வைக்க வேண்டியவை

எஸ்கியூ321இல் விமானம் 4.6 வினாடிகளில் 178 அடி இறங்கியது என்பதை விசாரணை அதிகாரிகள் விமானத் தரவுப் பதிவிலிருந்தே எடுத்துச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய சம்பவம் என்றால் கருவியே சாட்சி. ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு அடிபடுவது அப்படியில்லை. தள்ளுவண்டியை இழுக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும், தலைக்கு மேலிருக்கும் பெட்டி அறையிலிருந்து பயணியின் பெட்டி தோளில் விழும், கொதிக்கும் தேநீர் கையில் கொட்டும், கதவிடுக்கில் விரல் மாட்டும். இதையெல்லாம் எந்தக் கருவியும் பதிவு செய்யாது. நீங்கள் எழுதினால்தான் உண்டு.

தள்ளுவண்டியையே எடுத்துக்கொள்வோம். அதன் அடியில் இரண்டு மிதிகள் இருக்கும். சிவப்பை மிதித்தால் வண்டி நிற்கும், பச்சையை மிதித்தால் நகரும். சிவப்பு மிதி தேய்ந்துபோன வண்டியில் அது பாதிதான் இறங்கும். நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை எடுப்போம், விமானம் மூக்கைத் தூக்கியதும் வண்டி நம் மேல் வரும். அப்படி ஒன்று நடந்தால் ‘தள்ளுவண்டி இடித்தது’ என்று மட்டும் எழுதினால் போதாது. வண்டியின் எண்ணையோ அதில் ஒட்டியிருக்கும் சீட்டையோ கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மிதி இறங்கியிருந்ததா, பிடித்ததா என்று எழுதுங்கள். கேபின் பழுதுப் பதிவேட்டில் அந்த வண்டியைப் பற்றி ஒரு வரி ஏறச் செய்யுங்கள்.

எழுத வேண்டியவை:

- விமான எண், விமானத்தின் பதிவெண், புறப்பட்ட ஊர், போகும் ஊர்.
- நடந்த நேரம். சிங்கப்பூர் நேரத்தையும் உலகப் பொது நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.
- நின்ற இடம்: எந்தக் கதவருகே, எந்த வரிசையில், சமையல் பகுதியில் எந்தப் பக்கம்.
- இருக்கை வார் விளக்கு எரிந்ததா, விமானியின் அறிவிப்பு வந்ததா.
- என்ன செய்துகொண்டிருந்தீர்கள், உடம்பின் எந்தப் பகுதி, இடமா வலமா.
- முதலுதவிப் பெட்டியைத் திறந்திருந்தால் அந்த விவரம்.
- பார்த்தவர்களின் பெயர், ஊழியர் எண், கைபேசி எண்.

கடைசியாகச் சொன்னதைத் தள்ளிப்போடவே கூடாது. சிப்பந்திக் குழு ஒவ்வொரு பயணத்துக்கும் மாறும். பேருந்து ஏறும் முன்பே எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தியில் ‘நீங்கள் பார்த்தது இது, சரிதானே’ என்று கேட்டுப் பதில் வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. எனக்குக் கைகொடுத்தது அப்படிப்பட்ட ஒரு பதில்தான். அதை அனுப்பிய அக்கா பிறகு வேலையை விட்டே போய்விட்டார்.

நேரம் பற்றி இன்னொன்று. ஐரோப்பாவிலிருந்து இரவு கிளம்பும் விமானத்தில் அடிபட்டால், அங்கே ஒரு தேதி, சிங்கப்பூரில் அடுத்த தேதி. சம்பவ அறிக்கையில் ஒன்றும் மருத்துவரின் குறிப்பில் வேறொன்றும் இருந்தால், காப்பீட்டு நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கும். எல்லாத் தாளிலும் ஒரே தேதி இருக்கட்டும். சிங்கப்பூர்த் தேதி என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

அறிக்கையை மேற்பார்வையாளர் அனுப்புவார் என்றால் அதன் நகலைக் கேளுங்கள். தர முடியாது என்றால், நடந்ததை உங்கள் சொற்களில் எழுதி, மேலாளருக்கு மின்னஞ்சலில் அன்றே அனுப்புங்கள். முறையான படிவம் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். ‘இன்ன தேதி, இன்ன விமானத்தில், வேலை செய்யும்போது எனக்கு இப்படி அடிபட்டது’ என்று நாலு வரி போதும்.

பலர் அடுத்து விழும் குழி இது: ‘வலி இலேசாகத்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவது. முதுகும் தோளும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் வேலையைக் காட்டும். வலி இல்லாவிட்டாலும் சம்பவத்தைப் பதிவு செய்யலாம். பதிவு செய்ததால் யாரும் உங்களை எம்சி (மருத்துவர் தரும் விடுப்புச் சான்றிதழ்) எடுக்கச் சொல்லப்போவதில்லை.

3. வெளியூரில் மருத்துவரைப் பார்க்கும்போது

பணம் கட்டும் முன், செலவை யார் ஏற்பது என்று நிறுவனத்தின் அந்த ஊர் அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு மருத்துவரிடம், வேலையின்போது விமானத்தில் பட்ட காயம் என்று குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். ‘முதுகு வலி’ என்று மட்டும் எழுதப்பட்ட குறிப்பு பிறகு எதற்கும் உதவாது. ஸ்கேன் எடுத்தால் அறிக்கையோடு படங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜப்பானிலோ கொரியாவிலோ உள்ளூர் மொழியில் தந்தால், ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் கிடைக்குமா என்று அப்போதே கேளுங்கள். திரும்பிப் போய்க் கேட்க முடியாது.

காதில் அழுத்தம் அடைத்து வலி வந்திருந்தால், பறந்து திரும்பலாமா என்று மருத்துவரிடம் எழுதி வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். ‘நீ வேலை செய்ய வேண்டாம், பயணியாக உட்கார்ந்து வா’ என்று சொன்னாலும் காதுக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஹோட்டலில் தங்கியிருக்கும்போது அடிபட்டால் விவகாரம் கொஞ்சம் சிக்கல். நிறுவனம் ஏற்பாடு செய்த பேருந்தில் போகும்போது நடந்தது வேறு, ஓய்வு நாளில் ஊர் சுற்றப் போய் விழுந்தது வேறு. ரோஸ்டரின், அதாவது பணி அட்டவணையின், படம் கையில் இருக்கட்டும். பின்னால் செயலியில் பழைய ரோஸ்டர் மாறிவிடலாம் அல்லது காணாமல் போகலாம்.

4. சிங்கப்பூர் திரும்பியதும்

வெளியூர்க் குறிப்பு கையில் இருந்தாலும், திரும்பியதும் சிங்கப்பூரில் பதிவு பெற்ற மருத்துவரைப் பாருங்கள். எம்சி சம்பளம், இழப்பீடு எல்லாம் அவர் எழுதுவதைப் பிடித்துத்தான் ஓடும். அவரிடமும் அதே வாக்கியம்: வேலையில், விமானத்தில், இன்ன தேதியில். சாதாரண எம்சியாகப் பதிவானால் உங்கள் ஆண்டு மருத்துவ விடுப்பிலிருந்து நாள்கள் கழியும். அப்படிக் கழிந்திருக்கிறதா என்று மாதக் கடைசியில் பாருங்கள், கழிந்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ (உடம்பை வருத்தாத மாற்று வேலை) கொடுக்கப்பட்டாலும், விபத்து பற்றித் தெரிந்த 10 நாளுக்குள் நிறுவனம் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் விடுப்பு இருந்தால்தான் என்று சிலர் இன்னும் சொல்வார்கள். அது பழைய கதை. பத்தாம் நாள் வாக்கில் ‘அமைச்சுக்கு அறிக்கை போய்விட்டதா, அதன் எண் என்ன’ என்று மின்னஞ்சலில் கேளுங்கள்.

நிறுவனம் தெரிவிப்பது வேறு, நீங்கள் இழப்பீடு கோருவது வேறு. கோருவதற்கான கெடு விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு. அறிக்கை போய்விட்டது என்பதற்காக உங்கள் கோரிக்கையும் பதிவாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். கோரிக்கை திறக்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். நிறுவனம் இழுத்தடித்தால் நீங்களே அமைச்சிடம் நேரடியாகப் போகலாம். சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னடையாளக் கணக்கைக் கொண்டு இணையத்தில் செய்யலாம், நேரில் என்றால் பெண்டமியர் சாலையில் உள்ள சேவை நிலையத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போங்கள். அமைச்சிடம் கோருவதற்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. வேலையை விட்டுவிட்டாலும் கோரிக்கை செல்லும்.

5. எம்சி சம்பளம்: எல்லோரும் ஏமாறும் இடம்

சட்டப்படி, வெளிநோயாளி விடுப்பாக இருந்தால் முதல் 14 நாளுக்கும், மருத்துவமனை விடுப்பாக இருந்தால் முதல் 60 நாளுக்கும் முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஓராண்டு வரை. காப்பீடு முடிவு சொல்லட்டும் என்று நிறுவனம் இதை நிறுத்தி வைக்க முடியாது. வழக்கமான சம்பள நாளில் தர வேண்டும்.

சரி, முழுச் சம்பளம் என்றால் எது? அடிப்படைச் சம்பளம் அல்ல. விபத்துக்கு முந்தைய 12 மாதங்களின் சராசரி மாத வருமானம். மிகைநேர ஊதியம், படிகள், போனஸ் எல்லாம் அதில் சேரும். சேராதவை: போக்குவரத்துப் படி, முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதித் தொகை, வேலைக்காகச் செய்த செலவை ஈடுகட்டத் தரும் பணம். நீங்கள் சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை என்றால், வேலை பார்த்த மாதங்களின் சராசரி.

மற்ற அலுவலகங்களில் இதில் பெரிய தகராறு வராது. நமக்கு வரும். ஏனென்றால் நம் வருமானத்தில் பாதி பறந்தால்தான் வரும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அடிப்படை 1,800 வெள்ளி, பறப்புப் படி எல்லாம் சேர்த்துச் சராசரி 3,600 வெள்ளி. மூன்றில் இரண்டு பங்கு என்றால் 2,400 வர வேண்டும். அடிப்படையை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் 1,200தான் வரும். வாடகை கட்டுகிறவருக்கு இது சாதாரண வித்தியாசம் இல்லை. என் விஷயத்திலும் முதலில் வந்த கணக்கு அடிப்படையை மட்டும் வைத்துத்தான் இருந்தது. சம்பளச் சீட்டுகளை வரிசையாக இணைத்து, ஒவ்வொரு படியையும் வரி வரியாகக் காட்டிக் கேட்ட பிறகே திருத்தினார்கள்.

எந்தப் படி சேரும், எது சேராது என்பதற்கு உங்கள் ஒப்பந்தம் அதை என்னவென்று சொல்கிறது என்பது முக்கியம். பறந்த மணிக்கு இவ்வளவு என்று தருவது உழைப்புக்கான பணம், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். வெளியூரில் சாப்பாட்டுக்கென்று தருவதைச் செலவு ஈடு என்று வாதிடுவார்கள். ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பேசுங்கள். தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் இந்தக் கட்டத்தில் அவர்களைக் கூப்பிடுங்கள், இதே கேள்வியை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்.

அப்புறம், லைட் டியூட்டி. பறக்க வேண்டாம், தரையில் அலுவலகத்தில் உட்கார் என்பார்கள். வேலைக்குப் போகிறோம், பறப்புப் படி மட்டும் வராது. வேலைக் காயத்தால் மருத்துவர் எழுதிய லைட் டியூட்டி நாள்களுக்கும் சராசரி மாத வருமானத்தை வைத்தே ஈடு தர வேண்டும் என்பது 2020 செப்டம்பரில் புதிய சட்டத்தோடு வந்த விதி. புதியவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. மருத்துவர் ‘பறக்கக் கூடாது’ என்று வாயால் சொன்னால் போதாது, ‘லைட் டியூட்டி, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை’ என்று சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

6. மருத்துவச் செலவு

2025 நவம்பர் 1 அல்லது அதற்குப் பின் நடந்த விபத்து என்றால் 53,000 வெள்ளி வரை, அல்லது விபத்திலிருந்து ஓராண்டு வரை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை நிறுவனம் ஏற்கும். அதற்கு முந்தைய விபத்துக்கு உச்சவரம்பு 45,000. இயன்முறை சிகிச்சையும் இதில் அடங்கும். ஓராண்டு என்பது நீளமாகத் தோன்றும். நிபுணரைப் பார்க்கக் காத்திருக்கும் வாரங்கள், ஸ்கேனுக்குக் காத்திருக்கும் வாரங்கள் என்று அது கரைந்துவிடும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று மருத்துவர் கோடி காட்டினால், தேதியைத் தள்ளிப்போடாமல் முடிவெடுங்கள்.

ரசீதுகளின் மை சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுங்கள்.

7. நிரந்தர இயலாமை மதிப்பீடு

சிகிச்சை முடிந்தும் கை முழுதாகத் தூக்க வரவில்லை, முதுகு வளையவில்லை என்றால், மருத்துவர் எத்தனை சதவீதம் இயலாமை என்று மதிப்பிடுவார். பொதுவாக ஆறு மாதம் வாக்கில் இது நடக்கும். இழப்பீடு என்பது சராசரி மாத வருமானம், வயதுக்கான பெருக்கல் எண், சதவீதம் மூன்றையும் பெருக்கி வரும் தொகை. இளையவர்களுக்குப் பெருக்கல் எண் அதிகம். 2025 நவம்பர் 1 முதல் முழு இயலாமைக்கு உச்சவரம்பு 346,000 வெள்ளி. 10 சதவீதம் என்றால் அதிகபட்சம் 34,600. ஐந்தாம் பகுதியில் சொன்ன சராசரி வருமானம் தவறாக இருந்தால் இங்கேயும் அதே தவறு பெருகி வரும்.

மதிப்பீட்டு நாளன்று வலியைப் பொறுத்துக்கொண்டு நன்றாக இருப்பதுபோல் காட்ட வேண்டாம். நம் தொழிலில் சிரித்துக்கொண்டே வலியை மறைப்பது பழக்கமாகிவிட்டது, அந்த அறையில் அது உங்களுக்கு எதிராகப் போகும். கையை எவ்வளவு தூக்க முடிகிறதோ அவ்வளவே தூக்குங்கள். மேல் அறையை மூடுவது, கதவின் கைப்பிடியைச் சுழற்றுவது, ஜம்ப் சீட்டின் (சிப்பந்திகளின் மடக்கு இருக்கை) தோள்வாரை இழுப்பது என்று உங்கள் வேலையின் அசைவுகளில் எது முடியவில்லை என்று எழுதி எடுத்துப் போங்கள். விமான வேலை எப்படிப்பட்டது என்பது எல்லா மருத்துவருக்கும் தெரிந்திருக்காது.

8. கணக்கு அறிவிப்பு வந்ததும் 21 நாள்

எவ்வளவு தொகை என்று இழப்பீட்டுக் கணக்கு அறிவிப்பு வரும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அதுவே முடிவு. யாரும் ஆட்சேபிக்காத தொகையை நிறுவனமோ காப்பீடோ அதே 21 நாளுக்குள் தர வேண்டும். சதவீதத்தில் சண்டை என்றால் மருத்துவக் குழுவுக்குப் போகும். வருமானம், வேலையில்தான் நடந்ததா போன்ற சண்டை என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் முன் விசாரணைக்குப் போகும்.

மீண்டும் பறக்கத் தொடங்கியவர்கள் கவனிக்க: நீங்கள் வெளியூரில் இருக்கும்போதும் இந்த 21 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்காமல் உங்கள் சொந்த முகவரியைக் கொடுங்கள். வேலையை விட்டால் நிறுவன முகவரி அன்றே மூடப்படும்.

9. விக்காவா, நீதிமன்றமா

இரண்டில் ஒன்றுதான். விக்காவில் தொகைக்கு வரம்பு உண்டு, ஆனால் தப்பை நிரூபிக்க வேண்டாம், செலவு இல்லை. நீதிமன்றத்தில் வரம்பு இல்லை, ஆனால் நிறுவனத்தின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டும், வழக்கறிஞர் கட்டணம் உண்டு, மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். பழுது என்று முன்பே எழுதப்பட்ட தள்ளுவண்டியைத் திரும்பவும் ஏற்றியிருந்தால் நீதிமன்றம் பற்றி யோசிக்கலாம். எதிர்பாராமல் வந்த காற்றுக் கொந்தளிப்பு என்றால் கவனக்குறைவைக் காட்டுவது கடினம், விக்காவே நல்லது என்பது என் கருத்து.

முடிவெடுக்கும் முன் ஒரு தடவையாவது வழக்கறிஞரிடம் கேளுங்கள். ப்ரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் பதிவு செய்யலாம். வருமானம் குறைவான குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சட்ட உதவிப் பிரிவை நாடலாம். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேசுகிறவரிடம் போகாதீர்கள். சிங்கப்பூரில் வழக்கறிஞர்கள் அப்படிப் பங்கு கேட்க அனுமதி இல்லை. ஆலோசனைக்குப் போகும்போது ஒப்பந்தம், 12 மாதச் சம்பளச் சீட்டுகள், சம்பவ அறிக்கை, எல்லா எம்சிகளும், கணக்கு அறிவிப்பு வந்திருந்தால் அதுவும், தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். அங்கே கிடைப்பது கொஞ்ச நேரம்தான், அதில் பாதி தாள் தேடுவதில் போகக் கூடாது.